பழைய வழக்கம் ஊருக்கு வேலியாகுமா?

வியாபாரிக்குப் பூட்டின் அருமை தெரியும். இரவில் கல்லாவை எண்ணி, வரவு செலவை எழுதி, இரும்புக் கதவை இழுத்துவிட்டு இரண்டு பூட்டுப் போட்டு வீட்டுக்குப் போய்ப் படுத்த பிறகும், "பின்கதவைத் தாழிட்டோமா?" என்று மனம் ஒருமுறை கேட்காமல் இருப்பதில்லை. இன்றைக்குப் பூட்டோடு கேமராவும் வந்துவிட்டது. ஆயினும் பயம் போனபாடில்லை.

சில வருஷங்களுக்கு முன் நம் கடைத்தெருவில் ஒரே மாதத்தில் மூன்று கடைகளின் பூட்டு உடைந்தது. முதல் கடை உடைந்தபோது மற்றக் கடைக்காரர்களாகிய நாம் செய்தது என்ன? ஆளுக்கொரு புதுப் பூட்டு வாங்கினோம். இரண்டாவது கடை உடைந்தபோது போலீஸ் நிலையத்தில் எழுதி வைத்துவிட்டு வந்தோம். மூன்றாவதும் உடைந்த பிறகுதான், மஃரிபுக்குப் பின் அஞ்சடியில் பத்துப் பேர் கூடி, இரவில் இருவர் இருவராக முறை வைத்துத் தெருவைச் சுற்றி வருவது என்று முடிவு செய்தோம். அப்போது பெரியவர் ஒருவர் சொன்னார்: "இதென்ன தம்பி புதுசா? அந்தக் காலத்துக் கம்பத்திலே ஜாகாவுக்குச் சம்பளம் கொடுத்தா தூங்கினோம்? ஆளுக்கு ஆள்தானே காவல்!" அவர் சொன்னது சரியாயிற்று, திருட்டு நின்றது. ஆனால் அந்தக் காவலில் நாம் ஒரு பிழையும் செய்தோம். அதைக் கடைசியில் சொல்லுகிறோம்.

அன்று முதல் நம் மனத்தில் ஒரு கேள்வி இருந்துவருகிறது. ஊரைக் காப்பது எது? சர்க்காரின் சட்டமா, அல்லது முன்னோர் விட்டுப்போன வழக்கமா? வழக்கம்தான் என்றால், எந்த வழக்கமும் நல்லதாகிவிடுமா? இந்தக் கேள்வியை ஆராய ஆப்பிரிக்காக் கண்டத்தைப் போல் தகுந்த இடம் வேறில்லை என்பது நாம் படித்தும் கேட்டும் அறிந்த உண்மை. ஆப்பிரிக்கா என்றதும் நம்மவர்களுக்குப் பஞ்சமும் சண்டையுமே நினைவுக்கு வருகின்றன. ஆனால் கடந்த நாற்பது ஆண்டுகளாக அங்கே பல நாட்டு மக்கள் தங்கள் பாட்டன் பூட்டன் காலத்து வழக்கங்களைத் தூசி தட்டி எடுத்து, ஊரைக் காக்கவும் ஊரை உயர்த்தவும் கையாண்டு பார்த்திருக்கிறார்கள். அதில் இலாபமும் உண்டு, நஷ்டமும் உண்டு. கணக்குத் தெரிந்தவர்களாகிய நாம் இரண்டு பக்கத்தையும் பார்க்கவேண்டும்.

சந்தையில் பிறந்த சமாதானம்

கென்யா நாட்டின் வடகிழக்கு மூலையில், ஸோமாலியா, எத்தியோப்பியா ஆகிய நாடுகளின் எல்லையை ஒட்டி, வஜீர் என்னும் வறண்ட பகுதி இருக்கிறது. அங்கே வாழ்பவர்கள் பெரும்பாலும் ஸோமாலிய இனத்து முஸ்லிம்கள். ஒட்டகமும் ஆடு மாடுமே அவர்களுக்கு முதல், அவையே சேமிப்பு. அஜுரான், தெகோதியா, ஒகாதேன் என்பவை அவர்களில் பெரிய குலங்கள்.

1991-ஆம் ஆண்டு ஜனவரியில் பக்கத்து நாடான ஸோமாலியாவில் ஆட்சி கவிழ்ந்தது. துப்பாக்கிகள் எல்லை தாண்டி வந்தன. அதே காலத்தில் மழை பொய்த்துக் கால்நடைகள் ஏராளமாக மடிந்தன. மிஞ்சிய கிணறும் மேய்ச்சலும் யாருக்கு என்ற சண்டையோடு 1992-ஆம் ஆண்டுத் தேர்தல் பகையும் சேர்ந்துகொண்டது. குலத்துக்குக் குலம் கொலை விழுந்தது. மக்கள் போலீஸிடம் போகவில்லையா என்று கேட்கலாம். போக மனம் வரவில்லை. 1984 பிப்ரவரியில் இதே வஜீரில், வகல்லா விமானத் திடலில், சர்க்கார் படையே தெகோதியா ஆண்களைத் திரட்டி அடைத்துப் பலரைக் கொன்றிருந்தது. வேலியே பயிரை மேய்ந்த பிறகு பயிர் யாரிடம் முறையிடும்?

பகை சந்தைக்குள்ளும் நுழைந்தது. ஒரு குலத்துப் பெண் மற்றொரு குலத்தாளிடம் வாங்கமாட்டாள். அவளுக்கு விற்கவும் மாட்டாள். வியாபாரிகளே, இதன் பொருளை நாம் சிந்திக்கவேண்டும். துப்பாக்கிச் சண்டை என்றாவது ஒருநாள் ஓயும். தராசுக்கு அந்தப் பக்கம் நிற்பவன் யார் என்று பார்த்துச் சரக்கு நிறுக்கும் காலம் வந்துவிட்டால், அந்த ஊர் ஊராக இருக்குமா?

அந்த ஊரில் தேக்கா இப்ராஹீம் அப்தி என்னும் பள்ளி ஆசிரியை இருந்தார், 1964-இல் பிறந்தவர். ஒருநாள் இரவு துப்பாக்கிச் சத்தத்துக்கு அஞ்சித் தம் குழந்தையோடு கட்டிலுக்கு அடியில் ஒளிந்தார். விடிந்ததும் அவர் தாயார், "நீ சிறுமியாக இருந்தபோது நானும் உன்னை இப்படித்தான் ஒளித்து வைத்தேன்" என்ற செய்தியைச் சொன்னாராம். தன் மகளும் வளர்ந்து தன் குழந்தையை இப்படியே ஒளித்து வைக்கவேண்டுமா என்ற எண்ணம் அவரை உலுக்கிவிட்டது. 1993-இல் ஒரு கலியாண வீட்டில் கூடிய பல குலத்துப் பெண்களோடு அவர் பேசத் தொடங்கினார். அந்தப் பெண்கள் முதலில் கைவைத்த இடம் எது தெரியுமா? சந்தை! எந்தக் குலத்தாளும் எவரிடமும் வாங்கலாம், எவருக்கும் விற்கலாம் என்று வைத்து, அது நடக்கிறதா என்று நாள்தோறும் மேற்பார்வை செய்தார்கள். சச்சரவு எழுந்தால் உடனே போய்த் தீர்த்தார்கள்.

சந்தை திறந்த பிறகு பெரியவர்களைத் தேடிப் போனார்கள். ஸோமாலியர்களின் பழைய வழக்கப்படி, பகை தீர்ப்பது குலப் பெரியவர்களின் பொறுப்பு. ஆனால் பகை கொண்ட குலத்தவர் ஒருவர் தலைமை தாங்கினால் மற்றவர் ஒப்புவாரா? ஆகவே, சண்டையில் சேராத சிறு குலத்துப் பெரியவர் ஒருவரை முன்னிறுத்தினார்கள். பேச்சுவார்த்தை வளர்ந்து 1993 செப்டம்பரில் அல்-ஃபதாஹ் பிரகடனம் என்ற உடன்படிக்கையில் முடிந்தது. பின்னர் வாலிபர்கள் சேர்ந்தார்கள். வியாபாரிகள் பண உதவி செய்தார்கள். 1995-இல் இந்த முயற்சி முழுவதும் ஜில்லா நிர்வாகத்தோடு இணைந்த ஒரு சமாதான அபிவிருத்திக் குழுவாயிற்று. இந்த முறை பிற்காலத்தில் கென்யாவின் மற்றப் பகுதிகளுக்கும் பரவியது. தேக்கா அம்மையாருக்கு 2007-இல் சுவீடன் நாட்டிலிருந்து, மாற்று நோபல் என்று பேர்பெற்ற விருது வந்தது. 2011-இல் சாலை விபத்தொன்றில் காயமுற்று அவர் காலமானார்.

இங்கே ஒன்றைக் கூர்ந்து நோக்கவேண்டும். வழக்கம் ஊரைக் காத்தது உண்மை. ஆனால் அந்த வழக்கத்தை எழுப்பியவர்கள் யார்? வழக்கப்படி பெரியவர்கள் சபையில் இடமே இல்லாத பெண்கள்! வழக்கத்தின் வாசலுக்கு வெளியே நின்றவர்கள்தாம் வழக்கத்தைக் காப்பாற்றினார்கள். அப்படியானால் முன்னோர் வழக்கம் என்பது பெட்டியில் பூட்டி வைக்கும் பழம் பத்திரமன்று. வருஷா வருஷம் புதுப்பிக்கவேண்டிய லைசென்ஸைப் போன்றது.

குற்றமற்றவன் ஏன் கொடுக்கவேண்டும்?

நிற்க. இனி இந்த வழக்கத்தின் உள்ளே இருக்கும் ஒரு சிக்கலைப் பார்ப்போம்.

ஸோமாலியர்களின் வழக்கச் சட்டத்துக்கு 'ஹேர்' என்று பெயர். ஒருவன் மற்றொரு குலத்தவனைக் கொன்றுவிட்டால், கொன்றவனின் உறவுக்கூட்டம் முழுவதும் சேர்ந்து இழப்பீடு கொடுக்கவேண்டும். 2001-இல் மோதோகாஷே என்னும் இடத்தில் வடகென்யப் பெரியவர்கள் கூடிச் செய்த உடன்படிக்கையில் ஓர் ஆணின் உயிருக்கு நூறு ஒட்டகம் என்று வைத்தார்கள். நூறு ஒட்டகம் ஒருவன் தொழுவத்தில் இருக்குமா? பெரியப்பன் மகன் இரண்டு, சிற்றப்பன் மகன் மூன்று என்று கூடித்தான் கட்டவேண்டும்.

கொலை செய்தவன் ஒருவன். ஒட்டகத்தை இழப்பவன் இன்னொருவன். இது நியாயமா? மதரஸாவில் ஓதியவர்களுக்கு இது முற்றும் புதிய செய்தியன்று. தவறுதலாக நேர்ந்த மரணத்துக்கு உறவினர் கூடித் திய்யத் கொடுக்கும் 'ஆகிலா' முறையை ஃபிக்ஹ் நூல்களில் படித்திருக்கிறோம். ஆயினும் அதை வாழ்க்கையில் வைத்துப் பார்க்கும்போது மனம் தடுமாறத்தான் செய்கிறது.

நாம் நம் தொழிலைக் கொண்டே இதை விளங்கிக்கொள்ள முயன்றோம். கைமாற்றுக் கேட்டு வந்தவனுக்காக ஜாமீன் கையெழுத்துப் போட்டவர்கள் நம்மில் எத்தனையோ பேர். கையெழுத்துப் போட்ட நாள் முதல் நாம் சும்மா இருக்கிறோமா? அவன் கடை திறந்தானா, சரக்கு வந்ததா, வீண் செலவு செய்கிறானா என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கிறோம். ஸோமாலிய உறவுக்கூட்டமும் அப்படித்தான். கோபக்காரத் தம்பி துப்பாக்கியைத் தூக்கும்போது, "உன் கோபத்துக்கு எங்கள் ஒட்டகமா?" என்று நாலுபேர் அவன் கையைப் பிடிப்பார்கள். கொலை நடந்த பிறகு போலீஸ் வரும். உறவினனோ அதற்கு முன்பே அங்கே இருக்கிறான். காவலின் சூட்சுமம் இதுதான்.

ஆனால் ஜாமீனுக்கு ஓர் எல்லை உண்டு. கடன்பட்டவன் ஒவ்வொரு முறையும் ஏமாற்ற, ஜாமீன்காரன் ஒவ்வொரு முறையும் கட்டிக்கொண்டே இருந்தால், கடன்பட்டவனுக்கு உறைப்பது எப்போது? வேண்டுமென்றே கொன்றவனும் உறவினரின் ஒட்டகத்துக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு வீதியில் உலவுகிறான் என்பது இந்த வழக்கத்தின்மேல் அந்த மக்களே சொல்லும் குறை. அதைவிடப் பெரிய குறை, மானபங்கப்பட்ட பெண்ணின் வழக்கையும் ஆண்களே பேசி முடித்து, இழப்பீட்டைத் தங்களுக்குள் வாங்கிக்கொள்வதும், சில சமயம் கெடுத்தவனுக்கே அவளைக் கட்டிவைப்பதுமாகும். குலத்துக்குச் சமாதானம் கிடைத்தது. அந்தப் பெண்ணுக்கு என்ன கிடைத்தது? ஊர் அமைதி என்ற பெயரால் ஓர் ஏழையின் வாயை அடைப்பது அமைதியாகுமா?

அதே குலப் பெரியவர்கள் வேறோர் இடத்தில் செய்த நன்மையையும் மறைக்கக்கூடாது. 1991 மே மாதத்தில் ஸோமாலியாவிலிருந்து பிரிந்ததாக ஸோமாலிலாந்து அறிவித்துக்கொண்டபோது அங்கே கஜானாவும் இல்லை, போலீஸும் இல்லை. 1993-இல் போராமா நகரில் குலப் பெரியவர்கள் மாதக்கணக்கில் உட்கார்ந்து பேசி ஓர் ஆட்சியை ஏற்படுத்தினார்கள். அந்த ஆட்சி தலைதூக்கக் கடன் கொடுத்தவர்கள் கால்நடை ஏற்றுமதி செய்யும் வியாபாரிகளாவர். 'குர்த்தி' என்னும் பெரியவர் சபை 82 பேர் கொண்ட மேல்சபையாயிற்று. அந்தச் சபையும் குறையற்றதன்று. பல்லாண்டுகள் அதற்குத் தேர்தலே நடக்கவில்லை. உறுப்பினர் காலமானால் உறவினரே அந்த இடத்தில் அமர்ந்தார். சபை தன் ஆயுளைத் தானே நீட்டிக்கொண்டது. தராசு பிடிப்பவன் கையைப் பார்க்க ஆள் இல்லாவிட்டால் எடைக்கல் தேயாமல் இருக்குமா?

வில்லும் அம்பும் பிடித்த காவல்

தான்சானியா நாட்டின் மேற்குப் பகுதியில் சுகுமா, நியாம்வேஸி என்னும் இனத்தவர்கள் மாடு வளர்த்துப் பிழைப்பவர்கள். உகாண்டாவோடு நடந்த 1978-79 யுத்தத்துக்குப் பின் துப்பாக்கிகள் கண்டவர் கையில் புழங்கின. மாட்டுக் கொள்ளை பெருகிற்று. போலீஸ் தொலைவில் இருந்தது. நீதி இலஞ்சத்துக்கு விலைபோயிற்று. 1981-82-இல் கிராமத்தார் தாங்களே கூடி 'சுங்குசுங்கு' என்னும் காவல் படையை அமைத்தார்கள். தலைவர்களைத் தேர்ந்தெடுத்தார்கள். மாடு போயிற்று என்று கூக்குரல் எழுந்தால் வயதுவந்த ஆண்கள் வில்லும் அம்புமாக ஓடிவந்து தடம் பார்த்து விரட்டவேண்டும். அந்தக் கிராமத்து எல்லை முடிந்தால் அடுத்த கிராமத்தார் தொடரவேண்டும். குற்றவாளிக்கு அபராதம் உண்டு. கட்டுப்படாதவனை ஊர்விலக்கம் செய்வார்கள். கொள்ளை குறைந்தது. அதிபர் நைரேரேயின் ஆட்சியும் இதனை ஆதரித்தது.

இவ்வளவும் வரவுப் பக்கம். பற்றுப் பக்கத்தில் இரத்தம் இருக்கிறது. சந்தேகிக்கப்பட்டவர்களை அடித்து வதைத்து உண்மை வாங்க முயன்றார்கள். சூனியக்காரி என்று பழி சுமத்தப்பட்ட மூதாட்டிகளும் இந்தக் காவலுக்குப் பலியானார்கள். மாடு திருடியவனுக்காகப் பூட்டிய அம்பு, கேட்பாரற்ற கிழவியின்மேல் பாய்ந்தது. எதனால்? திருடனை விசாரிக்கச் சாட்சி வேண்டும்; சூனியத்துக்குச் சந்தேகமே போதுமென்று வைத்துக்கொண்டார்கள்.

ஒரே வழக்கம், இரண்டு முகம்

நம்மை மிகவும் திடுக்கிடச் செய்தது ருவாண்டா நாட்டின் கதை. அங்கே 'உமுகாண்டா' என்றொரு பழைய வழக்கம். அயலான் வீடு கட்ட, நிலம் கொத்த ஊரார் கூடிக் கைகொடுப்பது. நம் மலாய்ச் சகோதரர்கள் 'கோத்தோங் ரோயோங்' என்று சொல்வதைப் போன்றது. எவ்வளவு நல்ல வழக்கம்! ஆனால் 1994 ஏப்ரல் முதல் ஜூலை வரை ஏறக்குறைய நூறு நாட்களில் துத்ஸி மக்கள் இலட்சக்கணக்கில் கொல்லப்பட்டபோது, கொலைக்கு ஆள் திரட்டியவர்கள் அந்தக் கூட்டுவேலை முறையையே பயன்படுத்திக்கொண்டார்கள். கொல்வதற்கு 'வேலை' என்று பெயர் வைத்தார்கள். கூடி வீடு கட்டிய அயலாரே கூடி அந்த வீட்டைக் கொளுத்தினார்கள்.

யுத்தம் முடிந்த பின் அதே நாட்டார் அதே வழக்கத்தை மறுபடி கழுவி எடுத்தார்கள். இன்று மாதந்தோறும் கடைசிச் சனிக்கிழமை காலையில் ஊரார் கூடிச் சாலை செப்பனிடுகிறார்கள், பள்ளிக்கூடம் கட்டுகிறார்கள். 'கச்சாச்சா' என்னும் பழைய புல்தரைப் பஞ்சாயத்தைக் கொண்டு, 2002 முதல் 2012 வரை ஏறக்குறைய 12,000 ஊர் மன்றங்கள் ஏறத்தாழ 20 இலட்சம் வழக்குகளை விசாரித்தன. சாதாரண நீதிமன்றங்கள் மட்டும் இதைச் செய்திருந்தால் கைதிகள் விசாரணைக்கு முன்பே முதுமையில் மடிந்திருப்பார்கள். எனினும் வக்கீல் இல்லாத அந்த மன்றங்களில் பொய்க் குற்றச்சாட்டும், சாட்சிகளை மிரட்டுவதும் நடந்தன என்ற குறையையும் பதிந்து வைத்திருக்கிறார்கள்.

2006-இல் தொடங்கிய 'கிரிங்கா' திட்டம் நம் மனத்துக்கு இன்னும் இனியது. மாட்டைக் கொடுத்து உறவு வளர்ப்பது அந்த நாட்டின் பழைய பண்பு. அதன்படி ஏழைக் குடும்பத்துக்கு ஒரு பசு கொடுக்கிறார்கள். அது ஈனும் முதல் கிடாரிக் கன்றை அவர்கள் அயலில் உள்ள வேறோர் ஏழைக்குக் கொடுக்கவேண்டும். வாங்கியவன் கை தாழ்ந்திருப்பது சில காலமே; பிறகு அதே கை கொடுக்கும் கையாகிறது. பிச்சை வாங்கினோமே என்ற குறுகலும் இல்லை, வட்டியும் இல்லை.

எதைக் கொண்டு நிறுப்பது?

ஆகவே, முன்னோர் வழக்கமெல்லாம் மூடத்தனம் என்று தள்ளுவதும் பேதைமை. முன்னோர் செய்தார்கள் என்பதற்காகவே எல்லாவற்றையும் தலையில் தூக்கி வைத்துக்கொள்வதும் பேதைமை. வழக்கம் ஒரு கயிறு. அதைக் கொண்டு கிணற்றில் விழுந்தவனைத் தூக்கலாம். அயலானைக் கட்டியும் போடலாம். ஒரு வழக்கம் நல்லதா என்று அறிய நாம் கண்ட எடைக்கல் ஒன்றே. அந்த வழக்கத்தால் பலன் பெறும் பெரியவர்களைக் கேட்காதே. அதில் பேச இடமில்லாதவனைக் கேள். வஜீரில் சிறு குலத்தவரைத் தலைமையில் உட்காரவைத்தார்கள், சமாதானம் நிலைத்தது. சுகுமா நாட்டில் கிழவியின் பேச்சைக் கேட்க ஆளில்லை, காவலே கொடுமையாயிற்று. வழக்கம் தவறும்போது போய் முறையிட ஒரு கோர்ட்டும் சட்டமும் அதற்குமேல் இருக்கவேண்டும் என்பதும் இதிலிருந்தே கிடைக்கிறது.

இனி நாம் செய்த பிழையைச் சொல்லிவிடுகிறோம். நம் தெருக் காவலின் மூன்றாம் வாரம், நள்ளிரவு தாண்டி ஓர் அந்நிய நாட்டுத் தொழிலாளிப் பையன் பின்சந்து வழியாக வந்தான். நாமும் இன்னும் மூவரும் அவனை நிறுத்தினோம். அவன் மொழி நமக்குப் புரியவில்லை. நம் மொழி அவனுக்குப் புரியவில்லை. அவன் பையைப் பிடுங்கித் தரையில் கொட்டினோம். வந்தவை ஒரு சோற்றுப் பாத்திரமும், ஒரு சட்டையும், வீட்டுக்குப் பணம் அனுப்பிய இரண்டு இரசீதுகளும். அவன் பக்கத்து உணவுக்கடையில் பாத்திரம் கழுவுபவன். வேலை முடிந்து படுக்கப் போய்க்கொண்டிருந்தான். நம்மில் ஒருவர் பாத்திரத்தை எடுத்துக் கொடுத்தார். அவன் ஒன்றும் சொல்லாமல் வாங்கிக்கொண்டு போனான். மறுநாள் முதல் சந்தைவிட்டு நெடுந்தெருவைச் சுற்றிக்கொண்டு போகலானான்.

நம் பூட்டுகள் பத்திரமாக இருந்தன. தெரு பத்திரமாக இருந்தது என்று நாம் எல்லோரிடமும் சொன்னோம். ஆனால் அந்தத் தெரு அந்தப் பையனுக்குப் பத்திரமாக இருந்ததா? அவனும் நம் தெருவில் உழைத்துச் சாப்பிடுகிறவன்தானே! நம் முன்னோரும் ஒரு காலத்தில் கப்பலில் வந்து இறங்கி, மொழி தெரியாமல் இதே அஞ்சடிகளில் படுத்தவர்கள்தாமே!

அடுத்த வாரக் காவல் கூட்டத்தில், அந்த உணவுக்கடைப் பையன்களையும் அழைத்து உட்காரவைக்கவேண்டுமென்று நாம் சொன்னோம். இருவர் சிரித்தார்கள், மூவர் சரி என்றார்கள், பெரியவர் மட்டும் எழுந்து, "நாமே போய்க் கூப்பிடுவோம், வாங்க" என்று செருப்பை மாட்டினார். அந்தப் பையன் அன்று வரவில்லை. இரண்டு வாரம் கழித்து வந்தான். இப்போது செவ்வாய்க்கிழமை இரவுக் காவல் அவனுடைய முறை. நம்மோடுதான் சுற்றுகிறான்.